குடும்பக் காரும் பழைய ஸ்போர்ட்ஸ் காரும்: ஒரு கணக்குப் பாடம்

சென்ற நவராத்திரிக்கு என் தமக்கை மகள் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். சுண்டல் தட்டு கைக்கு வரும்போதே வீட்டில் ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் மகனுக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஓட்டுநர் உரிமம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"தாத்தா, உங்கள் நண்பர் ஒருவர் சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறாரே, அந்த மாதிரி ஒன்று விலைக்கு வந்தால் அப்பாவிடம் சொல்லுங்களேன்" என்றான் பையன்.

அவன் அப்பா உடனே குறுக்கிட்டார். "மாமா, அவனுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் உயிரோடு விளையாடுகிற சமாசாரம். நம் வீட்டுக் காரை எடுத்துக்கொள் என்று சாவியையே கொடுத்துவிட்டேன். குடும்பக் கார்தானே, அதில் என்ன ஆகிவிடப் போகிறது?"

நான் ஒன்றும் சொல்லாமல் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு லேக் மார்க்கெட்டில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பினேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னை விடவில்லை. "குடும்பக் கார்தானே!" இது சரியா என்று ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வந்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. நம் சங்கத்து அன்பர்களில் பலர் வீட்டிலும் இப்போது ஒரு கார் இருக்கிறது. அதை ஓட்ட ஆசைப்படும் ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஆகவே அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பிள்ளைகளும் கூடவே உட்கார்ந்து படிக்கலாம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. 1979-ல் ரயில்வேயில் சேர்ந்து, ஹௌராவை அடுத்த லிலுவா பெட்டிப் பட்டறையில் பெரும்பகுதிக் காலம் வேலை பார்த்து, 2017-ல் ஓய்வு பெற்றேன். கார் என் தொழில் அல்ல. ஆனால் சக்கரம், பிரேக், எடை இவை மூன்றும் ரயிலுக்கும் காருக்கும் பொதுவானவை.

இரண்டு வண்டிகள்

முதலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பெயர் எம்.ஜி.பி. "எம்.ஜி.ஆர். தெரியும், இது யார் எம்.ஜி.பி.?" என்று கேட்க வேண்டாம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் இருந்த மாரிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள்தான் எம்.ஜி. அந்தப் பெயரில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை இந்த வண்டியைச் செய்தார்கள். கூரை இல்லாத இரண்டு இருக்கை வண்டி அது. கூரை போட்ட வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 2019-லிருந்து நம் நாட்டில் எம்.ஜி. என்ற பெயரில் வரும் கார்களுக்கும் பெயர் அதுதான். கம்பெனி மட்டும் கை மாறிவிட்டது.

என் வங்காள நண்பர் ஒருவரிடம் 1965-ஆம் வருடத்து எம்.ஜி.பி. ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தை வாங்கியது. பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் முறையாகப் புதுப்பித்து வைத்திருக்கிறார். 1968-லிருந்து ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை கல்கத்தாவில் நடத்திவரும் பழைய கார் ஊர்வலத்தை நம்மில் பலர் பிள்ளைகளுடன் போய்ப் பார்த்திருப்போம். அந்த ஊர்வலத்தில் வரும் வண்டிகளைப் போலவே இதுவும் பளபளவென்று இருக்கும்.

அடுத்தது குடும்பக் கார். என் தமக்கை மகள் வீட்டில் இருப்பது ஹோண்டா சிட்டி. 1998-லிருந்து நம் நாட்டில் அந்தப் பெயரில் வண்டி வருகிறது. இவர்களுடையது 2020-ல் வந்த ஐந்தாம் தலைமுறை வகை, கையால் கியர் போடும் பெட்ரோல் வண்டி. பின்னால் பெரிய டிக்கி, ஐந்து பேர் உட்கார இடம், ஏ.சி. எல்லாம் உண்டு. அதைப் பார்த்து யாரும் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல மாட்டார்கள்.

நமக்குத் தெரிந்த எஞ்சின்

எம்.ஜி.பி.யின் பானெட்டை நண்பர் முதன்முதலாகத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது நம் அம்பாசடர் எஞ்சின் அல்லவா?" என்றேன்.

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மைதான். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் செய்த பி-வரிசை எஞ்சின் என்று ஒரு குடும்பம் உண்டு. அம்பாசடரில் வெகுகாலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. எஞ்சினும் அந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 88.9 மில்லிமீட்டர். சிலிண்டரின் குறுக்களவுதான் வேறு. அம்பாசடரில் 73 மி.மீ., எம்.ஜி.பி.யில் 80 மி.மீ. தம்பியின் சட்டையை அண்ணனுக்காகக் கொஞ்சம் பிரித்துத் தைத்த மாதிரி.

லிலுவாவிலிருந்து பர்த்வான் பக்கம் போகும் லோக்கலில் ஏறினால் நான்காவது நிலையம் ஹிந்த் மோட்டார். அம்பாசடர் தொழிற்சாலைக்காகவே அந்தப் பெயர். அங்கே 2014-ல் உற்பத்தி நின்றது. அதற்கு முன் எத்தனையோ வருடம் காலை ஷிஃப்ட் ஆட்களோடு நானும் அதே லோக்கலில் இடிபட்டுப் போயிருக்கிறேன். ஆகவே எம்.ஜி.பி.யின் எஞ்சின் எனக்கு அந்நியமாகத் தோன்றவே இல்லை.

இப்போது ஒரு வேடிக்கை. ஹோண்டா சிட்டியின் எஞ்சின் 1498 சி.சி. அதன் சிலிண்டர் குறுக்களவும் 73 மி.மீ.தான். பிஸ்டன் போய்வரும் தூரம் 89.5 மி.மீ. அதாவது பழைய அம்பாசடரின் சிலிண்டரும் புதிய சிட்டியின் சிலிண்டரும் அளவில் ஏறத்தாழ ஒன்றே! ஆனால் அம்பாசடர் தந்தது சுமார் 50 குதிரைத்திறன். அதைவிடப் பெரிய எம்.ஜி.பி. எஞ்சின் தந்தது 95. சிட்டி தருவது 121.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அம்பாசடர் 34, எம்.ஜி.பி. 53, சிட்டி 81. பாத்திரம் அதேதான், சமையல்தான் மாறியிருக்கிறது.

மூச்சு விடும் கணக்கு

எப்படி மாறியது? எஞ்சின் என்பது காற்றை உள்ளே இழுத்து, அதில் பெட்ரோலைக் கலந்து எரித்து, புகையை வெளியே தள்ளும் இயந்திரம். எவ்வளவு சீக்கிரம் மூச்சு விடுகிறதோ அவ்வளவு வேலை செய்யும்.

பழைய பி-வரிசை எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். அதோடு, நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் காற்று உள்ளே போக இரண்டே வழிகள். இரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். சிட்டி எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி. ஹௌரா லோக்கலையும் மெயில் வண்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் பெட்டியின் கதவுகள் அகலமானவை. அதனால் அரை நிமிடத்தில் கூட்டம் ஏறி இறங்கிவிடும். அதே கூட்டத்தை மெயில் வண்டியின் குறுகலான வாசல் வழியாக அனுப்பினால் வண்டி நிலையத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

இதனால் சிட்டி எஞ்சின் நிமிடத்துக்கு 6600 சுற்று வேகத்தில் தன் முழுத் திறனைத் தருகிறது. எம்.ஜி.பி. தன் முழுத் திறனை 5400 சுற்றிலேயே தந்துவிடும், அதற்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும். ஆனால் முறுக்குவிசையைப் பாருங்கள். எம்.ஜி.பி.யில் அதிகபட்சம் 149 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 சுற்றிலேயே. சிட்டியில் 145, அது வருவது 4300 சுற்றில். முறுக்கில் கிழவர் ஒரு படி மேலேதான்! திறன் என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே முறுக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், வேகமாகச் சுழல்வதால் சிட்டி முந்துகிறது.

எம்.ஜி.பி.யில் பெட்ரோலைக் கலப்பது இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். காலையில் சோக்கை இழுத்துச் சூடாக்கி, இரண்டும் ஒன்றுபோல் மூச்சு விடுகின்றனவா என்று காது வைத்துக் கேட்டு, திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். சிட்டியில் அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. பலன்? நண்பரின் வண்டி லிட்டருக்கு சுமார் 9 கி.மீ. தருகிறது. சிட்டிக்கு அரசாங்கச் சோதனைக் கணக்கு 17.8 கி.மீ. ஊருக்குள் அவ்வளவு வராது என்றாலும் எம்.ஜி.பி.யைவிட நிச்சயம் மேல்.

எடைக் கணக்கு

இதுதான் பாடத்தின் நடு மையம். குதிரைத்திறனை மட்டும் பார்த்து வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தக் குதிரைகள் எவ்வளவு எடையை இழுக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். எம்.ஜி.பி.யின் எடை சுமார் 920 கிலோ. சிட்டி சுமார் 1110 கிலோ. ஓர் ஆளுக்கு 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

முதல் கணக்கு: எம்.ஜி.பி.யில் கணவனும் மனைவியும் போகிறார்கள். மொத்தம் 1060 கிலோ. 95-ஐ 1.06-ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 90 குதிரைத்திறன்.

இரண்டாம் கணக்கு: சிட்டியில் நான்கு பேர், கூட 40 கிலோ சாமான். மொத்தம் 1430 கிலோ. 121-ஐ 1.43-ஆல் வகுத்தால் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 85.

மூன்றாம் கணக்கு: அதே சிட்டியில் பையன் மட்டும் தனியாகப் போகிறான். மொத்தம் 1180 கிலோ. ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 103!

நான்காம் கணக்கையும் போட்டுவிடுவோம். எம்.ஜி.பி.யில் ஓட்டுபவர் மட்டும். 990 கிலோ. ஒரு டன்னுக்கு 96.

இந்த நான்கு எண்களையும் ஒரு நிமிடம் பாருங்கள். குடும்பத்தோடு போகும்போது சிட்டி பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறது. பிள்ளை தனியாக எடுத்துப் போகும்போது அதே வண்டி ஸ்போர்ட்ஸ் காரைத் தாண்டிவிடுகிறது. அப்பாவுக்குத் தெரிந்த காரைவிட மகன் ஓட்டும் கார் ஐந்தில் ஒரு பங்கு துடிப்பு அதிகம். சாவி ஒன்று, வண்டி இரண்டு.

ரயில்வேயில் பெட்டிகள் இல்லாமல் எஞ்சின் மட்டும் தனியாக ஓடுவதை லைட் எஞ்சின் என்போம். அதே எஞ்சின்தான், அதே டிரைவர்தான். ஆனால் பின்னால் இழுக்கப் பாரம் இல்லாததால் கைப்பிடியைத் தொட்டதும் துள்ளிக் கிளம்பும். பையன் தனியாக ஓட்டும் குடும்பக் காரும் ஒரு லைட் எஞ்சின்தான்.

ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல இது. அந்தக் காலச் சோதனைகளில் எம்.ஜி.பி. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது 96 கி.மீ. வேகத்தை எட்ட 12 விநாடிக்குச் சற்று மேல் எடுத்தது. இந்தச் சிட்டி 100 கி.மீ. வேகத்தை எட்டச் சுமார் 10 விநாடி போதும்.

சக்திகட் வரை ஒரு பயணம்

கணக்கைக் கொண்டுபோய்ப் பையனின் அப்பாவிடம் காட்டினேன். "காகிதத்தில் எல்லாம் சரிதான் மாமா" என்று சிரித்தார். சரி, சாலையிலேயே பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு வண்டிகளிலும் கிளம்பினோம். வித்யாசாகர் சேதுவைக் கடந்து, டான்குனி போய், துர்காபூர் எக்ஸ்பிரஸ் சாலையில் சக்திகட் வரை போய் லாங்சா சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று திட்டம்.

போகும்போது பையன் எம்.ஜி.பி.யில் என் நண்பருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நானும் அவன் அப்பாவும் சிட்டியில் பின்னால் போனோம். சக்திகட்டில் இறங்கியபோது பையனுக்குத் தலைமுடி எல்லாம் கலைந்து, முகத்தில் புழுதி. கண்ணில் ஒரே வெளிச்சம்.

"என்ன வேகம் தாத்தா! மணிக்கு 110, 120 இருக்கும் இல்லையா?"

நண்பர் சிரித்துக்கொண்டே, "மீட்டர் முள் 45 மைலைத் தாண்டவே இல்லை" என்றார். அதாவது 72 கி.மீ. நாங்கள் பின்னால் அதே வேகத்தில்தான் வந்தோம். எங்களுக்கு அது மாட்டு வண்டிப் பயணம் போல் இருந்தது. அவன் அப்பா இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

திரும்பும்போது மாற்றி உட்கார்ந்தோம். அப்பா எம்.ஜி.பி.யில். பையன் சிட்டியை ஓட்ட, நான் அவன் பக்கத்தில். ஏ.சி. போட்டுக் கண்ணாடியை ஏற்றி, பாட்டையும் வைத்துக்கொண்டான். சிங்கூர் தாண்டும் முன் ஒரு நேரான இடத்தில், "மீட்டரைப் பார்க்காமல் சொல், எவ்வளவு வேகத்தில் போகிறாய்?" என்று கேட்டேன்.

"70, மிஞ்சிப் போனால் 75."

மீட்டரில் 98 இருந்தது. 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். அந்த ஒலி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. இதில் என் தப்பும் உண்டு. கேள்வி கேட்கும் ஆர்வத்தில் பாட்டை நிறுத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஒரே பையன். காலையில் 72-ஐ 110 என்றான். சில மணி நேரம் கழித்து 98-ஐ 70 என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் உடம்பு சொன்னதைச் சொன்னான். எம்.ஜி.பி.யில் சாலை கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது. காற்று முகத்தில் அறைகிறது. பின்னச்சில் பட்டை வில்கள் இருப்பதால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரிகிறது. எஞ்சின் காதருகே கத்துகிறது. சிட்டியில் இவை எதுவும் உள்ளே வராதபடி எஞ்சினீயர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அது நல்ல வேலைதான். ஆனால் சத்தத்தோடும் அதிர்வோடும் சேர்த்து வேகம் பற்றிய செய்தியையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். வேகம் வேறு, வேக உணர்வு வேறு. பழைய வண்டியில் உணர்வு அதிகம், வேகம் குறைவு. புதிய வண்டியில் வேகம் அதிகம், உணர்வு குறைவு.

நிறுத்தும் கணக்கு

ஓடுவதைவிட நிறுத்துவதுதான் முக்கியம் என்று பட்டறையில் எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் சொல்வார். ஓடும் வண்டியில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் சூடாக மாற்றினால்தான் வண்டி நிற்கும். அன்று 72-ல் ஓடிய எம்.ஜி.பி.யையும் 98-ல் ஓடிய சிட்டியையும், இரண்டிலும் இரண்டு பேர் என்று வைத்து ஒப்பிட்டால், சிட்டியில் இருந்த ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதில் இருந்தவர்கள்தான் நிம்மதியாகப் பாட்டுக் கேட்டார்கள்.

உலர்ந்த நல்ல சாலையில், நல்ல டயருடன், பிரேக்கை முழுவதும் அழுத்தினால் வண்டியின் வேகம் விநாடிக்கு விநாடி 8 மீட்டர் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அப்படியானால் வண்டி நிற்க ஆகும் தூரம்:

மணிக்கு 60 கி.மீ.: 34 மீட்டர்.
மணிக்கு 100 கி.மீ.: 76 மீட்டர்.
மணிக்கு 120 கி.மீ.: 103 மீட்டர்.

மீட்டரில் சொன்னால் மனத்தில் பதியாது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி ஒன்று பஃபரோடு சேர்த்து 22.3 மீட்டர் நீளம். 60-ல் போனால் ஒன்றரைப் பெட்டித் தூரத்தில் நிற்கலாம். 100-ல் மூன்றரைப் பெட்டி. 120-ல் நாலரைப் பெட்டிக்கும் மேல். அடுத்த முறை ஊருக்குப் போக ஹௌராவில் ரயில் ஏறும்போது நடைமேடையில் நாலரைப் பெட்டித் தூரம் நடந்து பாருங்கள். மழை பெய்த சாலையில் இதையும் நீட்டிக்கொள்ள வேண்டும்.

எது பத்திரம்?

இதைப் படித்துவிட்டுப் பழைய வண்டிதான் பத்திரம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அது தவறு. இரண்டு வண்டிகளிலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக்தான். ஆனால் சிட்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது. பிரேக் அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கினால், நொடிப் பொழுதில் விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும் ஏற்பாடு அது. எங்கள் எல்.ஹெச்.பி. பெட்டிகளிலும் இதே வேலையைச் செய்ய ஒரு கருவி உண்டு. அது இல்லாவிட்டால் சக்கரம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். காரிலோ சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. எம்.ஜி.பி.யின் டயர் அகலம் 155 மி.மீ., சிட்டியினுடையது 185 மி.மீ. எம்.ஜி.பி.யில் ஏர்பேக் கிடையாது. தலைக்கு மேல் கூரையே கிடையாது. மோதல் என்று வந்துவிட்டால் நான் சிட்டிக்குள் இருக்கத்தான் விரும்புவேன், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு.

ஆகவே பையனின் அப்பா சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. குடும்பக் கார் பத்திரமானது, சரி. குடும்பக் கார் என்பதால் வேகம் குறைந்தது, தவறு. பழைய வண்டி ஓட்டுபவனைப் பயமுறுத்தி அடக்கி வைத்தது. புதிய வண்டி பயமுறுத்தாது. அந்த வேலையை மீட்டரைப் பார்க்கும் கண்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளைகளிடம் கார் சாவியைக் கொடுக்கும் அன்பர்களுக்கு, ஒரு பழைய ரயில்வேக்காரனின் யோசனைகள்:

முதல் சில மாதங்கள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அடிக்கடி "இப்போது என்ன வேகம்?" என்று மீட்டரைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஊகமும் மீட்டரும் ஒத்துப்போகும்வரை நெடுஞ்சாலையில் தனியாக அனுப்ப வேண்டாம்.

ஓட்டிப் பழகும் நாட்களில் பாட்டு வேண்டாம். எச்சரிக்கை ஒலி காதில் விழட்டும்.

நண்பர்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போனால் வண்டி மெதுவாகக் கிளம்புவது தெரியும். ஆனால் ஒருமுறை வேகம் எடுத்துவிட்டால் தடுக்க வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடும். பின் இருக்கைக்காரர்களும் பெல்ட் போடட்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டுக் காரின் குதிரைத்திறனையும் எடையையும் அதன் கையேட்டில் பாருங்கள். தனியாக ஓட்டினால் டன்னுக்கு எவ்வளவு, குடும்பத்தோடு போனால் எவ்வளவு என்று கணக்கிட்டு அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். எம்.ஜி.பி.யின் 96-ஐ உங்கள் கார் தாண்டுகிறதா?

அன்று மாலை லேக் மார்க்கெட்டில் என்னை இறக்கிவிட்டபோது, பையனின் அப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். எம்.ஜி.பி.யில் வந்ததில் அவருக்கும் முடி கலைந்திருந்தது. "மாமா, அந்த வண்டியில் 70-லேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நம் வண்டியில் 100-ல் போய்க்கொண்டே ஆபீஸ் போன் பேசியிருக்கிறேன்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பையன் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையை விட்டுவிட்டானா என்றால், இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் நண்பரிடம் போய் கார்புரேட்டர் சரிசெய்யக் கற்றுக்கொண்டிருக்கிறான். நல்லதுதான். வீட்டுக் காரையும் ஓட்டுகிறான். அவன் கிளம்பும்போது முன்பெல்லாம் எல்லா வீட்டிலும் சொல்வதுபோல "பார்த்துப் போய் வா" என்று மட்டும்தான் சொல்வார்கள். இப்போது அவன் அம்மா அதில் ஒரு சொல் சேர்த்திருக்கிறாள்: "மீட்டரையும் பார்த்துப் போய் வா."